ஏழாம் எண் வண்டியும் எட்டுத் தராசுகளும்

நகல் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு முகம் சற்றுச் சுளிக்கும். ஒரு பாகவதரைப் போலவே மற்றொருவர் பாடினால், "பேஷ், என்ன ஞானம்!" என்று நாம் சொல்வதில்லை, "பாவம், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லி எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுகிறோம். நகைக் கடையில் நகலுக்கு என்ன மரியாதை என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால், இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாம் சில வாரங்கள் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுக்காரர் பழைய காலத்துப் பந்தய வண்டி ஒன்றின் நகலைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சிறிது ஏளனத்துடனேதான் அதைப் பார்க்கப் போனோம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

அடுத்த வீட்டுக்காரர் தபால் இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கூட இருக்கிறாள். பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ஆகையால் இந்தக் கட்டுரை முழுவதும் அவர் அடுத்த வீட்டுக்காரராகவே இருக்கட்டும்.

அவர் நகல் செய்த அசல் வண்டி எது என்று சொல்லிவிட வேண்டும். காலின் சாப்மன் என்ற இளைஞர், 1948-ஆம் வருஷத்தில், தமது இருபதாவது வயதில், பழைய ஆஸ்டின் செவன் வண்டி ஒன்றைப் பிரித்துத் தம் மனம்போல் மாற்றிக் கட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் லோட்டஸ் என்ற கம்பெனி. அந்தக் கம்பெனி 1957-இல் லோட்டஸ் செவன் என்னும் வண்டியை வெளியிட்டது. வண்டி என்று மரியாதைக்குச் சொல்கிறோமே தவிர, அதில் வண்டிக்குரிய அங்கங்கள் பல கிடையா. கதவு இல்லை. நிலையான கூரை இல்லை. சாமான் வைக்க இடம் இல்லை. மெல்லிய இரும்புக் குழாய்களைப் பின்னிச் செய்த ஒரு கூடு. அதன்மேல் அலுமினியத் தகடு. முன்னே ஓர் எஞ்சின். பின்னே இருவர் நெருக்கி உட்கார ஓர் இடம். மொத்த எடை சுமார் 500 கிலோதான். நமது அம்பாஸிடர் காரின் எடையில் பாதிகூட இல்லை. ஆயினும், அல்லது அதனாலேயே, அக்காலத்தில் அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள வண்டிகளையும் வளைவுகளில் அது பின்னுக்குத் தள்ளிற்று. 1967-இல் இங்கிலாந்தில் 'தி பிரிஸனர்' என்ற டெலிவிஷன் தொடர் ஒளிபரப்பானபோது, அதன் கதாநாயகன் அந்த வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து நாடே அதை அறிந்துகொண்டது.

அந்த வண்டியைக் குடும்பஸ்தர்கள் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கத்துக்குக் காரணம் வரி என்றால் நம்புவீர்களோ, என்னவோ! முழு வண்டியாக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை விளக்கும் புத்தகம் எதையும் கூடக் கொடுக்கக் கூடாதென்று சர்க்கார் விதி. சாப்மன் யோசித்து, வண்டியைப் பிரிக்கும் முறையை விளக்கும் புத்தகம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தாராம். வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டார்களாம். இது அந்த நாட்டு மோட்டார் பிரியர்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. வக்கீல் நண்பர்கள் சிரிப்பார்கள்.

1973-இல் அந்த வரி எடுபட்டது. அதே வருஷத்தில் லோட்டஸ் கம்பெனி இந்த வண்டியைச் செய்யும் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளர்களுக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் இன்றும் செய்து வருகிறார்கள். ஆனால் விலை ஓய்வூதியக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடியதன்று. 1996-இல்தான் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுன் செலவில் உங்கள் பந்தய வண்டியை நீங்களே கட்டிக்கொள்ளலாம் என்பது அதன் தலைப்பின் சாரம். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் வண்டி ஒன்றை வாங்கி, எஞ்சின், கியர் பெட்டி, பின் ஆக்ஸில், ஸ்டியரிங் ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு, ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்துக் கூட்டைத் தாமே செய்துகொள்ள வேண்டியது. 'லோ காஸ்ட்' என்பதையும் லோட்டஸையும் கலந்து, 'லோகாஸ்ட்' என்று இந்த ஜாதி வண்டிகளுக்குப் பெயர் வந்தது. 750 மோட்டார் கிளப் என்னும் பழைய சங்கம் இவற்றுக்கென்று தனிப் பந்தயமே நடத்துகிறது. அந்த 250 பவுன் கணக்கு மட்டும் இப்போது செல்லாது. பழைய எஸ்கார்ட் வண்டிகளைச் சேகரிப்போர் பொன்போல் போற்றத் தொடங்கிவிட்டபடியால், எஞ்சினுக்கே அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வீட்டுக்காரர் இரண்டு வருஷம் உழைத்தார். நாம் கொட்டகைக்குள் நுழைந்தபோது வண்டி கரும் பச்சை வர்ணத்தில், மூக்கு நீண்டு, நம் ஊர்க் கோயில் வாகனம் போல் பளபளவென்று நின்றது. புகைப்படத்தில் அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்தால் நமக்கு வேற்றுமை தெரியவில்லை. சர்க்கார் பரீட்சையிலும் அது தேறியிருந்தது. அந்தப் பரீட்சை சாமானியமானதன்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு எதுவானாலும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருண்டையாக இருக்க வேண்டும். நட்டுக்களின் தலைக்கெல்லாம் ரப்பர்த் தொப்பி போட வேண்டும். பிரேக் அழுத்தினால் பின் சக்கரங்களுக்கு முன்னால் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும். வளைவிலே ஸ்டியரிங்கை விட்டால் அது தானாக நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் இந்த ஜாதி வண்டிகள் பெரும்பாலும் தவறுகின்றன. கனமான வண்டிக்காகச் செய்த பாகங்களை இலேசான வண்டியில் பூட்டினால், சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுவரப் போதிய பாரம் இராது. சைக்கிளின் முன் கவை சற்றுச் சாய்ந்திருப்பதால்தானே சிறுவர்கள் கையை விட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள்? அதுபோல் முன் சக்கரத்தின் அச்சைப் பின்புறம் சாய்த்து இதைச் சரிப்படுத்த வேண்டும். சிலர் பரீட்சை நாளுக்கு மட்டும் டயரில் காற்றை ஏற்றி எப்படியோ சமாளித்துவிட்டுப் பிறகு பழையபடி ஆக்கிக்கொள்கிறார்களாம். பரீட்சை என்று ஒன்று இருந்தால் அதற்கு இரவில் கண் விழித்து நெட்டுருப் போடுகிறவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு போலும்!

பழைய பாகங்கள் பல கலந்திருப்பதால் வயது நிச்சயமில்லாத வண்டி என்று சர்க்கார் அதற்கு 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் கொடுத்திருந்தது. "என்னைப் போலத்தான்" என்று சொல்லிச் சிரித்தார் அடுத்த வீட்டுக்காரர்.

ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. இடது முன் மட்கார்டில் ஒரு முழ நீளத்துக்கு வர்ணம் உரிந்து தகடு தெரிந்தது. என்னவென்று கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

பரீட்சை தேறிய மறு ஞாயிற்றுக்கிழமை, பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். ஊருக்கு வெளியே கூனல் முதுகுப் பாலம் ஒன்று உண்டு. பாலத்திலிருந்து இறங்கும் இடத்தில் இடது ஓரத்தில் ஒரு பள்ளம். அப்பாலே அந்தப் பிரதேசத்தில் வயல்களுக்கெல்லாம் கட்டியிருப்பது போன்ற கருங்கல் மதில். வேகம் மணிக்கு நாற்பது மைல்தான். இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஏறியதும், ஸ்டியரிங்கை அவர் ஓர் அங்குலமும் திருப்பாதிருக்க, வண்டியின் மூக்கு தானாகவே மதிலின் பக்கம் தாவிற்று. மதிலை உராய்ந்துகொண்டு போய் நின்றது. பெண் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம். கதவில்லாத வண்டி என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. அன்று இரவு அவர் தூங்கவில்லை.

அனுபவஸ்தர் ஒருவர், "இந்த ஜாதி வண்டிகளின் குணமே அதுதான், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பழகிக்கொள்ளும்" என்றாராம். இதைச் சொல்லும்போது அடுத்த வீட்டுக்காரருடைய முகம் சிவந்தது. "சாப்மனுடைய வண்டி அப்படி ஓடவில்லை. உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓட்டத்தை விட்டுவிட்டேன். குற்றம் என்னுடையது" என்றார்.

நம்முடைய ஏளனம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டது. மறுநாள் முதல் மாலை வேளைகளில் நாமும் கொட்டகையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காரலானோம்.

மூக்குத் தாவியதற்குக் காரணம் இதுதான். முன் சக்கரத்தை மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கவட்டை வடிவக் கைகள் தாங்குகின்றன. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு மெல்லிய கோல் வந்து அதே சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிறது. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது, கைகள் வரையும் வளைவும் கோல் வரையும் வளைவும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வாவிட்டால் கைகள் ஒரு பக்கம் இழுக்க, கோல் வேறு பக்கம் இழுக்கும். இருவர் பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகையில் ஒருவர் அவசரப்பட்டால் பீரோ திரும்பிக்கொண்டு சுவரை இடிக்கிறதல்லவா? அப்படியே, ஓட்டுபவர் கை அசைக்காதிருக்கவும் சக்கரம் திரும்பிவிடுகிறது. இரண்டு சக்கரமும் சமமாக ஏறி இறங்கினால் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் பள்ளத்தில் இறங்கினால்தான் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் அவரிடம் இல்லை. முன் ஸ்பிரிங்கைக் கழற்றினார். சக்கரத்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு சமமான பலகையை நிறுத்தி முடுக்கினார். ஜாக்கியால் அதை அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் பலகையின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் எதிரே கட்டிய நூலிலிருந்து தூரம் அளந்து, பெண் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். இரண்டு அங்குலம் ஏறுவதற்குள் பலகை ஐந்து மில்லிமீட்டர் திரும்பிவிட்டது. பார்ப்பதற்கு ஐந்து மில்லிமீட்டர் ஒரு பொருட்டா? நாற்பது மைல் வேகத்தில் அது மதில் வரையில் போகிறது.

ஸ்டியரிங் பெட்டியைத் தாங்கும் இரும்புத் துண்டுகளைப் பற்றவைக்கும்போது, அளவை அவர் குழாயின் கீழ் விளிம்பிலிருந்து எடுக்காமல் மேல் விளிம்பிலிருந்து எடுத்துவிட்டார். பெட்டி உயரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. இறக்க வேண்டுமானால் அந்தத் துண்டுகளை அறுக்க வேண்டும். அறுத்தால் மறுபடியும் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்தால் ஆறு பூச்சுப் பூசி மெருகேற்றிய பச்சை வர்ணம் கருகிப்போகும். மூக்கையும் ரேடியேட்டரையும் பிரிக்க வேண்டும். ஆணி அடித்து மூடிய அலுமினியத் தகட்டைக் கிழித்தெடுக்க வேண்டும். ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து நாமே, "வேண்டாம், ஐயா" என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்தோம். பெண்தான் பேசினாள்: "அப்பா, வர்ணம் போனால் திரும்பப் பூசிக்கொள்ளலாம்."

அறுத்தார்.

அடுத்த நான்கு நாட்களும் வேலை ஒரே மாதிரிதான்: மெல்லிய வாஷர்களை வைப்பது, எடுப்பது, அளப்பது, குறிப்பது. இரண்டு அங்குல ஏற்றத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் திருப்பம் வந்தபிறகே பற்றவைத்தார்.

அப்புறம் ஸ்பிரிங் விவகாரம். பந்தய வண்டி என்றால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும் என்று ஒரு வியாபாரி சொன்னதைக் கேட்டு, கல்லைப் போன்ற ஸ்பிரிங்குகளை வாங்கிப் போட்டிருந்தார். சாப்மன் செய்தது இதற்கு நேர்மாறு. கூடு முறுக்காமல் விறைப்பாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் மிருதுவாக இருந்து சக்கரத்தைத் தரையோடு தரையாக அழுத்தி வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. டயர் அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் வண்டி திரும்பவும் திரும்பாது, நிற்கவும் நிற்காது. ஆகவே கூட்டின் எஞ்சின் பக்கத்தில் இரண்டு குறுக்குக் குழாய்களைச் சேர்த்துவிட்டு, ஸ்பிரிங்குகளை இளக்கமானவையாக மாற்றினார். டயர் காற்றையும் குறைத்தார். எஸ்கார்ட் வண்டி இதைவிட மிகவும் கனம். அதற்குரிய அழுத்தத்தை இதற்கு வைத்தால் டயர் பந்தாகக் குதிக்கும். சதுர அங்குலத்துக்கு 18 ராத்தல் போதும் என்று கண்டார். பிரேக் பெடல் மரக்கட்டையை மிதிப்பது போலிருந்தது. குறுகலான சிலிண்டர் ஒன்றைப் போட்டதும் அது காலுக்குப் பணிந்தது.

இனித் தராசுக் கதை. நான்கு கால் முக்காலி ஒன்று சமமில்லாத தரையில் நின்றால் ஆடும். வண்டி ஆடாது, ஏனென்றால் ஸ்பிரிங் அமுங்கி ஆட்டத்தை மறைத்துவிடும். மறைத்தாலும், மூலைக்கு மூலை பாரம் ஏற்றத்தாழ்வாயிருந்தால் வண்டி வலது வளைவில் ஒரு விதமாகவும் இடது வளைவில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆகையால் நான்கு சக்கரத்தையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். பந்தயக்காரர்கள் இதற்கென்று விலையுயர்ந்த தராசு வைத்திருக்கிறார்கள். நம்மவர் குளியலறைத் தராசுகளை நம்பினார். ஒரு சக்கரத்துக்கு இரண்டு தராசு, மேலே ஒரு பலகை. ஆக எட்டுத் தராசுகள். அவருடைய வீட்டில் இருந்தது ஒன்று. தெருவில் வீடு வீடாகப் போய் இரவல் கேட்டதில் மற்ற ஏழும் சேர்ந்தன. அந்தத் தெருவில் ஒரு வாரத்துக்கு ஒருவருக்கும் தம் எடை தெரியாது!

ஓட்டுபவர் ஆசனத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் நிறுக்க வேண்டும். அவரோ திருகாணியைத் திருகுவதற்காகக் கீழே குனிந்திருக்கிறார், பெண்ணோ இலேசானவள். ஆகவே அந்தப் பதவி நமக்குக் கிடைத்தது. நம்முடைய தேக பாரம் ஒரு விஞ்ஞான காரியத்துக்குப் பயன்பட்டது வாழ்நாளில் அதுவே முதல் தடவை. உள்ளே நுழைவது எளிதாயில்லை. ஆசனத்தின்மேல் நின்று, கால்களை ஒரு பொந்துக்குள் செலுத்துவது போல் செலுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அசையக் கூடாதென்று உத்தரவு. அசைய இடமும் இல்லை.

பெண் படித்தாள்: இடது முன் 130 கிலோ, வலது முன் 160, இடது பின் 168, வலது பின் 162. மொத்தம் 620. ஒரு குறுக்கில் 292-உம், மறு குறுக்கில் 328-உம் இருந்தன. வலப்புறம் ஆள் இருப்பதால் அந்தப் பக்கம் கனம் கூடுவது இயற்கை. அதை மாற்ற முடியாது. குறுக்குக் கணக்கை மாற்றலாம். இரண்டு மூலையில் ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகி ஏற்றி, மற்ற இரண்டு மூலையில் இறக்கினார். நிறுத்தார், திருகினார், மறுபடி நிறுத்தார். இரண்டு மணி நேரம் சென்றது. நமக்குக் கால் மரத்துவிட்டது. முடிவில் 139, 151, 159, 171. இரண்டு குறுக்கும் 310. கூட்டிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் தேநீருக்கு வெந்நீர் போட்டார். தராசுகளைத் திருப்பிக் கொடுத்த வீடுகளில் ஒரு அம்மாள் மட்டும், தமது தராசு இப்போது இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறதென்றும், அதற்காக மிக்க நன்றி என்றும் சொல்லி அனுப்பினாள்.

நாம் ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முந்தி வண்டி மறுபடியும் வெளியே வந்தது. முன்பாகத்தில் வர்ணம் பூச நேரமில்லை; சாம்பல் நிற அடிப்பூச்சோடே நின்றது. அழகில் அது இப்போது அசலுக்கு வெகு தூரம். ஓட்டினவர் அவரல்ல, பெண் ஓட்டினாள். அவர் இடது பக்கத்தில், மதில் பக்கத்தில், தாமாகவே போய் உட்கார்ந்துகொண்டார். பெண் மறுத்துப் பார்த்தாள், அவர் இசையவில்லை. நாம் நண்பர் ஒருவருடைய காரில் பின்தொடர்ந்து போனோம்.

பாலத்தின் உச்சியில் அந்தச் சிறிய வண்டி ஒரு கணம் மறைந்தது. நாம் ஏறிப் பார்த்தபோது அது பள்ளத்தை நோக்கி நேராக இறங்கிக்கொண்டிருந்தது. சாலையைப் பழுது பார்க்க யாரும் வந்திருக்கவில்லை; பள்ளம் இருந்த இடத்திலேயே இருந்தது. இடது சக்கரம் உள்ளே போய் வெளியே வந்தது. மட்கார்டு துள்ளிற்று. மூக்கு எந்தப் பக்கமும் போகவில்லை. தகப்பனார் ஒரு கையை வெளியே நீட்டி மதிலைத் தொடுவது போல் காட்டினார். மதில் ஒரு பாகத்துக்கு அப்பால் இருந்தது. அவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து மூன்று தடவை அதே பள்ளத்தில் இறங்கினார்கள். மூன்றாம் தடவை பெண் வேகத்தைக் கூட்டினாள் என்று நமக்குத் தோன்றிற்று.

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. வண்டி மூவாயிரம் மைல் ஓடிவிட்டதாம். சாம்பல் நிறம் இன்னும் அப்படியே இருக்கிறதாம். வர்ணம் பூசுவதற்காக நிறுத்தினால் பெண் சண்டைக்கு வருகிறாளாம். பின் ஆக்ஸில் வளைவுகளில் பக்கவாட்டில் சிறிது நகர்வதாகச் சந்தேகமாம். அதைப் பிடிக்கும் கோலை மாற்றிப் பார்க்கக் குளிர்காலத்தில் மறுபடியும் பிரிக்கப் போகிறாராம். தெருவில் இனி இரவல் கேட்க முடியாதென்று எட்டுத் தராசுகளையும் சொந்தமாகவே வாங்கிவிட்டார். நாம் எப்போது வருகிறோம் என்று கேட்டிருக்கிறார்.